மனை விழுந்த கதை

எண்பதுகளின் தொடக்கத்தில் நம் விடுதியில் சாப்பிட்டவர்களுக்கு, பந்தியில் பரிமாறிய அந்த அண்ணனை மறந்திருக்காது. ஒரு நாள் ஆளுக்கு ஒரு அப்பளம் கூடுதலாகப் போட்டுக்கொண்டே வந்தார். "என்னண்ணே விசேஷம்?" என்றோம். "அரும்பாக்கத்துல எனக்கு மனை விழுந்திருச்சு தம்பி" என்றார். "வீடா?" "வீடு இல்ல. இடம், ஒரு கக்கூஸ், தண்ணிக் குழாய். மிச்சத்தை நாமதான் கட்டிக்கணும்."

'இவ்வளவுதானா!' என்று எங்களுக்குத் தோன்றியது. அந்தச் சின்ன மனைக்குப் பின்னால் ஒரு பெரிய சரித்திரம் இருக்கிறது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. மலர்க் குழுவினர் "ஏதாவது எழுதுங்க சார்" என்றதும் அதுவே நினைவுக்கு வந்தது.

சென்னையில் வீட்டு வசதிக்கென 1947-ல் நகர அபிவிருத்தி டிரஸ்ட் ஏற்பட்டது. சி.ஐ.டி. நகர் என்ற பெயர் அதன் மிச்சம். 1961-ல் அது வீட்டு வசதி வாரியமாக மாறியது. ஆனால் தவணை கட்ட மாதச் சம்பளம் உள்ளவருக்குத்தான் அது கைகொடுத்தது. கூவம், அடையாறு கரைகளில் குடிசை போட்டவர்கள் வெளியேதான் நின்றார்கள். 1970-ல் முதல்வர் கருணாநிதி குடிசை மாற்று வாரியத்தை அமைத்தார். 'ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்' என்பது அதன் முழக்கம். அடுத்த ஆண்டு எடுத்த கணக்கில், நகரில் 1,202 குடிசைப் பகுதிகள், சுமார் 1.63 லட்சம் குடும்பங்கள்! எல்லாருக்கும் அடுக்குமாடி கட்டிக் கொடுப்பதென்றால் அரசு கஜானா தாங்குமா?

இங்கேதான் கூட்டு முயற்சி வந்தது. 1977-ல் உலக வங்கிக் கடனுடன் சென்னை நகர வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் மூன்றிலும் அரசு நிலம் எடுத்து, சாலை, குடிநீர், சாக்கடை போட்டு மனை பிரித்தது. பெரிய மனைகளையும் கடை மனைகளையும் கூடுதல் விலைக்கு விற்று, அந்த லாபத்தில் ஏழைகளின் சின்ன மனைக்கு விலையைக் குறைத்தது. அவர்கள் தவணையில் பணம் கட்டினார்கள்; கையில் காசு சேரச் சேரச் சுவரை எழுப்பினார்கள். ஏற்கெனவே இருந்த பல குடிசைப் பகுதிகளில், ஆட்களைக் கிளப்பாமல் அந்த இடத்திலேயே வசதி செய்து கொடுத்தார்கள்.

ஆரம்பத்தில் மனைகள் நிறையத் தாமதமானதால், 'இது தேறாது' என்றவர்கள் உண்டு. பல ஆண்டுகள் கழித்து அதே இடங்களைத் திரும்பப் பார்த்த உலக வங்கி ஆய்வாளர்கள், பலதரப்பட்ட வருமானக்காரர்கள் சேர்ந்து வாழும் நல்ல பேட்டைகளாக அவை வளர்ந்திருப்பதாக 2018-ல் எழுதினார்கள்.

திட்டம் ஒரு பக்கம் என்றால், வழக்காடிய பக்கமும் உண்டு. பம்பாய் நடைபாதைவாசிகளின் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் 1985 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றம், உயிர் வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்றது. ஆனால் முறைப்படி அப்புறப்படுத்துவதை அது தடுக்கவில்லை. சென்னைக் குடிசைவாசிகளுக்காக, அன்று வழக்கறிஞராயிருந்த கே. சந்துரு தொடுத்த மனுவிலும் அதே நாளில்தான் தீர்ப்பு வந்தது. பின்னாளில் உயர் நீதிமன்ற நீதிபதியானவர். 'ஜெய் பீம்' படத்தால் இன்றைய மாணவர்களுக்கும் தெரிந்தவர்.

அதன் பிறகு நடந்ததைச் சொல்லாமல் விட்டால் சரித்திரம் ஆகாது. 2000 முதல் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று, ஆற்றங்கரை மக்களை ஆயிரக்கணக்கில் தெற்கு எல்லைக்குக் கொண்டுபோனார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு இது இன்னும் வேகமெடுத்தது. தலைக்கு மேல் கான்கிரீட் வந்தது. காலடியில் இருந்த வேலையும் பள்ளிக்கூடமும் போயின. "வீட்டு வேலைக்குப் போய் வர்றதுக்குள்ள பாதிச் சம்பளம் பஸ்ஸுக்கே போவுதுப்பா" என்று ஓர் அம்மா என்னிடம் சொன்னார். 2021-ல் வாரியத்தின் பெயர் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று மாறியது. வாழ்விடம் என்றால் வெறும் வீடு மட்டுமல்லவே!

நம் அண்ணன் இன்று இல்லை. அரும்பாக்கத்தில் அவர் மனையில் இரண்டு மாடி நிற்கிறது. நகரத்துக்குள்ளேயே இடம் கிடைத்ததால் விடுதி வேலையை அவர் விடவில்லை. அவர் பேத்தி நம் கல்லூரியிலேயே பட்டம் வாங்கினாள். அதே நாளில் அவருக்குப் பெரும்பாக்கத்தில் வீடு விழுந்திருந்தால்?

நண்பர்களே, நம்மில் வக்கீல்களும் என்ஜினியர்களும் பாங்க் அதிகாரிகளும் இருக்கிறோம். தவணை கட்டி முடித்தும் கிரயப் பத்திரம் கைக்கு வராத குடும்பங்கள் இருக்கின்றன. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தாலே போதும், அதுவும் கூட்டு முயற்சிதான். ஆசிரியர்களாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: முதல் மணிக்குத் தாமதமாக வரும் பிள்ளையைத் திட்டுவதற்கு முன்னால், "வீடு எங்கப்பா?" என்று ஒரு தடவை கேளுங்கள்.