சிக்குன்குனியா மூட்டழற்சி

நுளம்பு பரப்பும் சிக்குன்குனியா வைரசால் மூட்டிலும் தசையிலும் உண்டாகும் அழற்சி. 2006இன் பிற்பகுதியில் இலங்கையில் இந்நோய் பெருமளவில் பரவியபோது மட்டக்களப்பு மாவட்டமும் தப்பவில்லை. உள்நாட்டுப் போரால் மக்கள் இடம்பெயர்ந்திருந்த காலம் அது.

வைரஸ் மூட்டுச் சவ்விலும் தசையிலும் பெருகுகிறது. அதை அழிக்க வரும் நோயெதிர்ப்புக் கலங்கள் இன்டர்லூகின்-6 போன்ற பொருட்களைச் சுரக்க, சவ்வு தடித்து நீர் கோக்கிறது. எலும்பைக் கரைக்கும் கலங்களும் தூண்டப்படலாம். ஆக, நோவுக்கு வைரஸ் மட்டுமல்ல, உடலின் எதிர்ப்பும் காரணம். காய்ச்சல் ஒரு கிழமையில் விட்டாலும் விரல், மணிக்கட்டு, கணுக்கால் நோவு மாதக்கணக்கில் நீடிக்கலாம். காலையில் விரல்கள் மடங்காது. வெல்லாவெளி போன்ற மட்டக்களப்புப் படுவான்கரை வயற்கிராமங்களில் மண்வெட்டிப் பிடியைப் பற்ற முடியாத கை என்றால் அந்தப் போகத்து வேலையே தடைப்பட்டதாகும். இதைச் சாதாரண உடல்நோவு என்று ஒதுக்குவது பெரும் அநியாயம்.

டெங்கு இல்லையென்று உறுதியாகும்வரை பரசிட்டமோல் மட்டுமே பாதுகாப்பானது; டெங்குவாக இருந்தால் அஸ்பிரின், ஐபுப்ரோபன் இரத்தக்கசிவை உண்டாக்கக்கூடும். மூன்று மாதம் கடந்தும் வீக்கம் வற்றாவிட்டால் அது நாட்பட்ட மூட்டழற்சி. மூட்டுவாத நிபுணரிடம் காட்ட வேண்டும். சிலருக்கு மெதோட்ரெக்சேட் கொடுக்கப்படுகிறது.