புறக்கடைக் கோழிக்குஞ்சு வளர்ப்பு

பொரித்த நாள் முதல் ஏறத்தாழ எட்டு வாரம் வரை கோழிக்குஞ்சுகளை வீட்டுக் கொல்லையிலேயே காப்பாற்றி ஆளாக்குவது புறக்கடைக் குஞ்சு வளர்ப்பு. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் சிறுவிடை, பெருவிடை எனப்படும் நாட்டுக்கோழிகளே பெரும்பாலும் இவ்வாறு வளர்கின்றன. எட்டு வாரத்தில் முதல் நான்கு வாரம்தான் கண்டம். அதைத் தாண்டவைப்பது சூடு. மற்றதெல்லாம் அதற்கு அடுத்ததுதான்.

முட்டையிட்டு ஓய்ந்த பெட்டை கூட்டை விட்டு எழாமல், கிட்டே போனால் சிறகைச் சிலிர்த்து உறுமினால் அது அடைக்கு வந்துவிட்டது. கூடையில் வைக்கோல் பரப்பி 10 முதல் 12 முட்டை வரை வைப்பார்கள். ஒரு வாரம் கழித்து இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால், கருக்கூடிய முட்டைக்குள் சிலந்திவலை போலச் சிவந்த நரம்புகள் தெரியும். கூமுட்டை வெறுமையாக இருக்கும். 21ஆம் நாள் குஞ்சு பொரிக்கும். அதற்கு ஒரு நாள் முன்பே ஓட்டுக்குள்ளிருந்து கீச்சுக்குரல் எழும். தாய் தாழ்ந்த குரலில் பதில் கொடுக்கும். முட்டையைக் காதருகே வைத்தால் அந்தக் குரல் நமக்கும் கேட்கும்.

வெளிவருமுன் எஞ்சிய மஞ்சள்கருவைக் குஞ்சு தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அதனால் இரண்டு நாள் தீனியின்றித் தாங்கும். ஒருநாள் குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் வெளியூருக்கு அனுப்ப முடிவது இதனால்தான். ஆனால் குளிரை அது தாங்காது. உடம்பில் இருப்பது பஞ்சுபோன்ற மயிர் மட்டுமே. தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ள இறகு முளைக்க வேண்டும்.

தாய் இருந்தால் சிறகுக்குள் எல்லாம் அடங்கிவிடும். அதைவிட நல்ல ஏற்பாட்டை யாரும் இன்னும் செய்யவில்லை. தாயில்லாக் குஞ்சுகளுக்குத் தகரத்தையோ அட்டையையோ ஒன்றரை அடி உயரத்தில் வட்டமாக வளைத்து நிறுத்தி, நடுவில் பல்பு தொங்கவிட வேண்டும். மூலை இருக்கக் கூடாது. இருந்தால் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மூச்சுமுட்டிச் சாகும். பழைய குண்டு பல்புதான் இதற்கு உதவும், எல்.இ.டி. பல்பில் சூடு வராது. முதல் வாரம் 35 பாகை செல்சியஸ், பிறகு வாரத்துக்கு 3 பாகை வீதம் குறைக்கலாம். வெப்பமானி இல்லாவிட்டாலும் குஞ்சுகளே சொல்லிவிடும். விளக்கடியில் குவிந்து ஓயாமல் கத்தினால் குளிர்கிறது; வாயைத் திறந்து ஓரத்துக்கு ஒதுங்கினால் சூடு மிகுதி; பரவலாகப் படுத்திருந்தால் சரி. மின்சாரம் போகும் ஊரில் நடு இரவில் ஒருமுறை எழுந்து பார்ப்பது கட்டாயம்.

தரையில் இரண்டு அங்குலத்துக்கு நெல் உமி பரப்ப வேண்டும். உமியைத் தீனி என்று கொத்தாமலிருக்க முதல் இரண்டு மூன்று நாள் மேலே சொரசொரப்பான தாள் விரிக்கலாம். வழுக்கும் தாளில் கால்கள் அகன்று குஞ்சு முடமாகிவிடும். தண்ணீர்த் தட்டு ஆழமில்லாமல் இருப்பது நல்லது. அதில் நாலைந்து கூழாங்கல் போட்டுவைத்தால் விழுந்து நனையாது.

நொய்யும் உடைத்த கம்பும் வயிற்றை நிரப்பும். வளர்ச்சிக்குப் புரதம் வேண்டும். அதற்குக் கிராமத்தின் விடை கறையான். பழைய பானையில் காய்ந்த சாணமும் கிழிந்த கோணியும் திணித்து, நீர் தெளித்து, கறையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்துவைத்தால் மறுநாள் காலை பானை நிறையக் கறையான் இருக்கும். தட்டிவிட்டதும் குஞ்சுகள் ஓடிவரும் வேகமே தனி.

நோய்களில் கொடியது வெள்ளைக்கழிச்சல். இமயமலைப் பகுதி ஊரான ராணிக்கேத்தின் பெயரால் இராணிக்கெட் நோய் என்றும், 1926இல் இங்கிலாந்தில் பரவிய ஊரின் பெயரால் நியூகாசில் நோய் என்றும் வழங்குகிறது. இது வைரஸ் நோய், வந்தபின் மருந்தில்லை. முதல் வாரத்தில் கண்ணில் விடும் சொட்டுமருந்தும், எட்டாம் வார வாக்கில் ஊசியும் போட வேண்டும். மஞ்சள், சின்ன வெங்காயம் கொடுப்பதில் தவறில்லை, ஆனால் அவை தடுப்பூசிக்கு ஈடாகா. ஈர உமியில் பரவும் இரத்தக்கழிச்சலுக்கு முதல் காப்பு, நனைந்த உமியை அன்றன்றே அள்ளிக்கொட்டுவது.

மேயவிட்ட பிறகு பருந்தும் கீரியும் பகை. இரவில் தாயோடு சேர்த்துப் பஞ்சாரத்தில் கவிழ்த்து, மேலே கல் வைப்பார்கள். பகலில் பருந்து வட்டமிட்டால் தாய் ஒரே ஒரு குரல் கொடுக்கும். சிதறி மேய்ந்த குஞ்சுகள் கண்ணிமைக்கும் நேரத்தில் சிறகுக்குள்ளோ புதருக்குள்ளோ மறைந்துவிடும். இரண்டு மாத வாக்கில் அதே தாய் அவற்றைக் கொத்தி விரட்டத் தொடங்கும். மீண்டும் முட்டைக்கு வரும். விரட்டப்பட்டவை ஒன்றிரண்டு நாள் சுற்றிச்சுற்றி வந்துவிட்டு, பொழுது சாய்கையில் முருங்கைமரத்தின் தாழ்ந்த கிளையில் தாமாகவே ஏறி அடையும்.