நீட் தேர்வில் நேர மேலாண்மை

நீட் தேர்வில் நேர மேலாண்மை என்பது, இந்தியாவில் இளநிலை மருத்துவப் படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வில் கிடைக்கும் நேரத்தை வினாக்களுக்கிடையே பகிர்ந்துகொள்ளும் முறையாகும். தமிழ்நாட்டு மாணவர் சேர்க்கைக்கு இத்தேர்வு 2017 முதல் நடைமுறையில் உள்ளது.

கால அளவு

2022 முதல் 2024 வரை 200 வினாக்களுள் 180-க்கு விடையளிக்க 200 நிமிடங்கள் தரப்பட்டன. 2025இல் அது 180 வினாக்களுக்கு 180 நிமிடங்கள் என மாற்றப்பட்டது. விடைத்தாளில் வட்டங்களை நிரப்பும் நேரமும் இதில் அடங்கும். தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் பொதுத்தேர்விலோ 3 மணி நேரத்தில் 15 வினாக்களே சரியான விடையைத் தெரிவு செய்யும் வகையின. ஏனையவற்றுக்கு விடை எழுத வேண்டும். ஆகவே, நீட் தேர்வின் வேகத்திற்குத் தனிப் பயிற்சி தேவைப்படுகிறது.

நேரப் பகிர்வு

உயிரியலில் 90 வினாக்களும், இயற்பியல், வேதியியல் ஆகியவற்றில் தலா 45 வினாக்களும் உள்ளன. உயிரியல் வினாக்கள் பலவற்றுக்குக் கணக்கிடல் தேவையில்லை. எடுத்துக்காட்டாக, அவற்றை 50 நிமிடங்களில் முடிப்பவருக்கு ஏனைய 90 வினாக்களுக்கு 120 நிமிடங்களும், சரிபார்ப்பதற்கு 10 நிமிடங்களும் எஞ்சும்.

கடின வினாக்கள்

சரியான விடைக்கு 4 மதிப்பெண்கள் வழங்கப்படும். தவறான விடைக்கு 1 மதிப்பெண் குறைக்கப்படும். விடையளிக்காத வினாவுக்கு இழப்பில்லை. எளிய வினாவுக்கும் கடின வினாவுக்கும் மதிப்பெண் ஒன்றே. எனவே, ஒரு கணக்கில் 4 நிமிடங்கள் செலவிடுபவர், அந்நேரத்தில் விடையளிக்கக்கூடிய 4 எளிய வினாக்களின் 16 மதிப்பெண்களை இழக்க நேரிடலாம். அத்தகைய வினாக்களைக் குறித்து வைத்து, இறுதியில் மீண்டும் அணுகுவது பயன்தரும்.