சிபோ மேட்டில் எடுத்த உறுதிமொழி

நெடுவழி நடந்த மக்கள் தாம் நாடிய ஊரை எட்டிய செய்திகள் திருமறையிலும் திருச்சபை வரலாற்றிலும் பலவுண்டு. அவற்றுள் 1689ஆம் ஆண்டில் வால்டென்சியர் ஆல்ப்ஸ் மலைகளைக் கால்நடையாய்க் கடந்து பொபியோ என்னும் ஊரை அடைந்த நிகழ்ச்சி குறிப்பிடத்தக்கது. வால்டென்சிய மரபு இதனை 'மகிமையான திரும்புகை' என்றே அழைக்கிறது. வெற்றி வரலாறாகவே பெரும்பாலும் சொல்லப்பட்டு வந்த இதனுள் திருச்சபை எக்காலத்தும் எண்ணிப் பார்க்கவேண்டிய வேறொரு பாடமும் உண்டு என்பது நம் கருத்து.

வெளியேற்றம்

பன்னிரண்டாம் நூற்றாண்டில் லியோன் நகர வணிகர் வால்டோவிடமிருந்து தோன்றிய இவ்வியக்கத்தார், இன்றைய வடமேற்கு இத்தாலியின் பீட்மான்ட் பள்ளத்தாக்குகளில் வேரூன்றினர். 1532இல் சான்பொரானில் கூடிய பேரவையில் சீர்திருத்தச் சபைகளுடன் இணைந்தனர். 1685 அக்டோபரில் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி நான்ட் ஆணையை நீக்கினார். அவரது வற்புறுத்தலுக்கு இணங்கிய சவாய்க் கோமகன் இரண்டாம் விக்டர் அமதேயு, 1686 ஜனவரி 31 அன்று வால்டென்சிய வழிபாட்டைத் தடைசெய்தார். அவ்வாண்டு வசந்தத்தில் இருநாட்டுப் படைகளும் பள்ளத்தாக்குகளுள் புகுந்தன. ஏறக்குறைய 8,500பேர் சிறையிலடைக்கப்பட்டனர். பசியும் நோயும் பெரும்பகுதியினரைக் கொண்டுபோயின. எஞ்சியோர் 1687ஆம் ஆண்டின் கடுங்குளிரில் மலைப்பனியினூடே ஜெனிவாவுக்கு நடந்து செல்லுமாறு விடப்பட்டனர். உயிரோடு சென்று சேர்ந்தவர் ஏறக்குறைய 2,500பேரே. அவர்கள் விட்டுச்சென்ற வீடுகளிலும் வயல்களிலும் கத்தோலிக்கக் குடிகள் அமர்த்தப்பட்டனர்.

வழிநடை

1689 ஆகஸ்டு 26ஆம் நாள் இரவில், ஏறத்தாழ ஆயிரம் ஆண்கள் பிராஞ்சன் அருகே கூடி இறைவேண்டல் செய்து, படகுகளில் ஜெனிவா ஏரியைக் கடந்தனர். அவர்களை நடத்திச் சென்றவர்களுள் முதன்மையானவர் போதகர் ஆன்ரி அர்னோ. முதுமையால் உடன்செல்ல இயலாத பழம்பெரும் வீரர் யோசுவா ஜனவேல், ஜெனிவாவிலிருந்தே வழிநடைக்கான அறிவுரைகளை எழுதிக் கொடுத்திருந்தார். இறைவேண்டலில் நிலைத்திருக்கவேண்டும் என்பதும், குற்றமற்றோரின் குருதியைச் சிந்தலாகாது என்பதும் அவற்றுள் அடங்கும்.

சுமார் 200 கிலோமீட்டர் தொலைவுள்ள பாதை அது. 2,700 மீட்டருக்கும் உயர்ந்த இசெரான் கணவாயையும், முன்பு நாடுகடத்தப்பட்டபோது மிதித்த மொன் செனியையும் அவர்கள் ஏறிக் கடந்தனர். செப்டம்பர் 3 இரவில், சால்பெர்த்திரான் பாலத்தைக் காத்துநின்ற பிரெஞ்சுப் படையை முறியடித்தனர். மறுநாள் ஞாயிறு. விடியற்காலையில் மலைமுகட்டை அடைந்தபோது, தொலைவில் தங்கள் பள்ளத்தாக்கின் சிகரங்கள் தென்பட்டன. அர்னோ அவற்றைச் சுட்டிக்காட்டி நன்றி மன்றாட்டை ஏறெடுத்தார். பிராலி ஊரில் இடிபடாமல் நின்ற பழைய ஆலயத்தில், உள்ளே இருந்தோரும் வெளியே நின்றோரும் கேட்கும்படி வாசலில் ஒரு பலகையின்மேல் நின்று, 129ஆம் சங்கீதத்தை விளக்கினார்.

ஆனால் இதே நாட்களில்தான் பல்சீலியாவில் பிடிபட்ட 46 படைவீரர் கொல்லப்பட்டனர். கைதிகளை வைத்துக் காக்க இடமில்லை என்பதே சொல்லப்பட்ட காரணம். மன்றாட அவர்களுக்கு நேரம் கொடுத்த பின்னரே கொன்றனராம். இதனை மறைக்காமல் எழுதிவைத்தவர் அர்னோவே. அவரது வரலாற்று நூல் 1710இல் வெளிவந்தது. ஜனவேலின் அறிவுரையோடு சேர்த்து இதனைப் படிப்போர் துணுக்குறாமல் இருக்கவியலாது.

பொபியோவும் சிபோவும்

பின்னர் பொபியோவை அடைந்து, அங்கிருந்த படையையும் புதுக்குடிகளையும் துரத்தினர். மூன்றாண்டுகள் ஏங்கியிருந்த ஊர் கைக்கு வந்தது. ஆயினும் அங்கே முதலில் நிகழ்ந்தது கொள்ளையே! ஓடிய எதிரியைத் தொடர்வதையும் விடுத்து, வீரர்கள் வீடுகளைச் சூறையாடினர். பனியும் பசியும் குலைக்காத ஒழுங்கை, அடைந்த ஊர் ஒரே நாளில் குலைத்துவிட்டது.

செப்டம்பர் 11, ஞாயிறு. ஊருக்குச் சற்று மேலே உள்ள சிபோவில் யாவரும் கூடினர். இரு பாறைகளின்மேல் ஒரு கதவைக் கிடத்தி, அதனையே அருளுரை மேடையாக்கினர். உடன்வந்த மற்றொரு போதகரான மூத்து, லூக்கா 16:16ஐ விளக்கி உரையாற்றினார். அதன்பின் உறுதிமொழி வாசிக்கப்பட்டது. சிலரே எஞ்சினாலும் ஒருவரையொருவர் பிரிவதில்லை. கிடைக்கும் பொருள் யாவும் பொதுவில் சேர்க்கப்படும். இறந்தோரையும் காயமுற்றோரையும் எவரும் தம் விருப்பப்படி துழாவலாகாது. ஆணையிடுதலும் இறைப்பழிப்பும் கூடாது. தலைவர்கள் வீரருக்கும், வீரர் தலைவர்களுக்கும் கையுயர்த்தி உறுதி கூறினர். 1889இல் அவ்விடத்தில் நினைவுச்சின்னம் ஒன்று நிறுவப்பட்டது.

இவ்வுறுதிமொழியின் விதிகள் பொதுவான அறவுரைகள் அல்ல. ஒவ்வொன்றும் அண்மையில் நேர்ந்த பிழையை நோக்கி விரல் நீட்டுகிறது. தவறு கண்ட மறுநாளே இறைவார்த்தையின்முன் தங்களை நிறுத்திக்கொண்ட துணிவு போற்றத்தக்கது. எனினும், துரத்தப்பட்ட குடிகளைப்பற்றி அவ்விதிகள் வாய்திறக்கவில்லை. வெளியேற்றத்தின் துயரை அறிந்தவர்களே பிறரை வெளியேற்றினார்கள். அவர்களது உரிமையை மறுப்பது நம் நோக்கமன்று. உரிமையுடையோர் கையும் கறைபடக்கூடும் என்பதையே வரலாறு காட்டுகிறது.

அதன் பின்

பொபியோவிலும் அவர்கள் நிலைத்திருக்க முடியவில்லை. குளிர்காலத்தைப் பல்சீலியாவின் பாறைக் கோட்டையில் கழித்தனர். 1690 மே மாதத்தில், முற்றுகையிட்ட பெரும்படையிடமிருந்து ஏறக்குறைய 300பேர் மூடுபனியின் மறைவில் தப்பினர். சில நாட்களில் கோமகன் பிரான்சுக்கு எதிரணியில் சேர்ந்ததால் அவர்களுக்கு மீட்சி கிட்டியது. ஆயினும் 1698இல் பிரெஞ்சுப் பிறப்புடைய சீர்திருத்தச் சபையார் மீண்டும் வெளியேற்றப்பட்டனர். அவர்களுள் அர்னோவும் ஒருவர். ஊருக்கு வழிகாட்டியவர் அவ்வூரில் முதுமையடையவில்லை. 1721இல் ஜெர்மனியின் ஷோனன்பெர்க்கில் அகதிகளின் போதகராகவே மரித்தார். வால்டென்சியருக்குக் குடியுரிமைகள் கிட்டியது 1848 பிப்ரவரி 17இல்தான்.

இன்றும் நடைப்பயணிகள் பிராஞ்சனிலிருந்து அந்தத் தடத்தில் நடக்கின்றனர். பொபியோவை எட்டுவோர் சற்று மேலேறிச் சிபோவையும் காண்பது நலம். திருச்சபை வனாந்தரத்தில் காத்த ஒழுங்கைக் கானானில் இழக்கக்கூடும். ஆகையால் நாடிய இடத்தை அடையும் சபைக்கும் ஊழியருக்கும் நன்றி வழிபாடு மட்டும் போதாது. தம்மைத் தாமே சோதித்தறியும் உடன்படிக்கையும் வேண்டும். அவ்வுடன்படிக்கையில், நம் வருகையால் இடம் இழந்தோரின் பெயரும் எழுதப்படவேண்டும்.