காதில் விழுவதன் விலை

அமெரிக்காவின் மெயின் மாநிலக் கரைக்கு அப்பால் கிரேட் டக் என்றொரு சிறுதீவு உள்ளது. லீச் ஸ்டார்ம் பெட்ரல் என்னும் சிறிய கடற்பறவை அங்கே மண்ணில் வளை தோண்டி முட்டையிடுகிறது. அடைகாத்தலின் முதல் இரு வாரங்களில் இடையூறு நேர்ந்தால் அது வளையைக் கைவிட்டுவிடக்கூடும். பறவையை அறிய வளைக்குள் பார்க்க வேண்டும்; பார்த்தால் பறவை தங்காது. 2002 கோடையில் ஆலன் மெயின்வாரிங், ஜோசப் பொலாஸ்டர், ராபர்ட் ஷெவ்சிக், டேவிட் கல்லர், ஜான் ஆண்டர்சன் ஆகியோர் 32 கம்பியில்லா உணரிக் கணுக்களை அத்தீவில் நிறுவியது இந்தச் சிக்கலை முன்னிட்டே. ஒவ்வொரு கணுவுக்கும் இரண்டு ஏஏ மின்கலங்கள். மின்கலம் மாற்ற ஆள் போனால் முயற்சியின் நோக்கமே கெட்டுவிடும். ஆகவே 2200 மில்லியாம்பியர்-மணி மின்னேற்றம் ஒன்பது மாதங்களுக்கு வர வேண்டும். நாள் ஒன்றுக்கு எட்டுச் சொச்சம்தான்.

இத்தகைய சிக்கனத்துக்கான கோட்பாடு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே பிறந்திருந்தது. 2000 ஜனவரியில் ஹவாயில் நடந்த மாநாட்டில் எம்.ஐ.டி. ஆய்வு மாணவி வெண்டி ஹைன்சல்மன், சென்னையில் பிறந்த அனந்த சந்திரகாசன், சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற ஹரி பாலகிருஷ்ணன் ஆகிய மூவரும் ‘லீச்’ என்னும் நெறிமுறையை முன்வைத்தனர். (பறவையின் பெயரிலுள்ள லீச், வில்லியம் எல்ஃபோர்டு லீச் என்னும் விலங்கியலாளர், நெறிமுறையின் பெயரோ முதலெழுத்துச் சுருக்கம். இவை ஒலியில் ஒன்றியது தற்செயலே.) அவர்கள் கண்டது இது: எல்லாக் கணுக்களும் தளநிலையத்துக்கு நேரடியாகப் பேசினால் தொலைவில் இருப்பவை முதலில் மடியும்; ஒன்றிடமிருந்து ஒன்றாகக் கைமாற்றினால், பிறர் சுமையையும் தாங்கும் அருகிலுள்ளவை முதலில் மடியும். எனவே கணுக்களைத் திரள்களாகப் பிரித்துத் திரள்தலைமையைச் சுழற்றினர். ஏரிப் பாசனத்தில் முறைவைத்து நீர் விடுவதை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. மரபான வழிப்படுத்தலோடு ஒப்பிட ஆற்றல் செலவு எட்டில் ஒரு பங்கு வரை குறையக்கூடும் என்றது அக்கட்டுரை.

அக்கட்டுரையின் ஆற்றல் மாதிரியைத் தாளில் போட்டுப் பார்ப்பது நன்று. ஒரு பிட்டை அனுப்பவோ பெறவோ மின்சுற்றுக்கு 50 நானோஜூல் செலவாகும். அதைக் காற்றில் செலுத்தும் பெருக்கிக்குச் சதுர மீட்டருக்கு 100 பிகோஜூல். அதாவது இந்தச் செலவு தொலைவின் வர்க்கத்தோடு வளரும். இரு கணுக்களின் நடுவே ஓர் இடைக்கணுவை வைத்தால் பெருக்கியின் செலவு பாதியாகும். ஆனால் இடைக்கணு ஒருமுறை கேட்டு மறுமுறை பேச வேண்டும். அதற்குக் கூடுதலாக 100 நானோஜூல். மொத்தத் தொலைவு ஏறத்தாழ 45 மீட்டரைக் கடந்தால்தான் இடைக்கணுவால் ஆதாயம். கைமாற்றினால் எப்போதும் மிச்சம் என்ற எண்ணம் இங்கேயே ஆட்டம் கண்டுவிடுகிறது. எனினும் இக்கணக்கு ஒன்றை விட்டுவிடுகிறது: தனக்கென வராத சொல்லைக் கேட்கும் செலவு.

அந்தச் செலவு தீவில் வெளிப்பட்டது. 2003 கோடையிலும் இலையுதிர் காலத்திலும் ஏறத்தாழ 150 கருவிகள் நான்கு மாதங்கள் இயங்கின. தளத்துக்கு நேரடியாகப் பேசிய வலையமைப்பின் ஆயுளை ஆய்வாளர்கள் சரியாகவே முன்கணித்திருந்தனர். கைமாற்றிப் பேசிய வலையமைப்பில், அண்டைக்கணுக்களின் பேச்சு காதில் விழுவதால் வரும் செலவைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டதாக 2004இல் வெளிப்படையாக எழுதினர். வெற்றிகளை மட்டும் பேசும் துறையில் இந்த ஒப்புதல் மதிப்புக்குரியது.

இதற்குத் துறையில் வழங்கும் ஆங்கிலச் சொல்லைச் சிலர் ‘ஒட்டுக்கேட்டல்’ என்று பெயர்ப்பர். அது பொருந்தாது. ஒட்டுக்கேட்பவருக்கு நோக்கம் உண்டு; இங்கே நடப்பது காதில் விழுதல். மனிதரின் காதில் விழுவதற்குச் செலவில்லை, வானொலிக்கோ ஒவ்வொரு பிட்டுக்கும் விலை உண்டு.

அடுத்து வந்த நெறிமுறைகள் பலவற்றை இந்த விலையைக் குறைக்கும் முயற்சிகளாக வாசிக்கலாம். 2004இல் பொலாஸ்டர், ஜேசன் ஹில், கல்லர் ஆகியோரின் பி-மேக்கில் கணு உறங்கும். இடையிடையே கணநேரம் விழித்து அலைவரிசையைச் சோதிக்கும். பேச விரும்பும் கணு, பிறர் விழிக்கும் வரை நீண்டதோர் முன்னொலியை எழுப்பும். அது யாருக்கானது என்று அறிய, விழித்தவர் அனைவரும் இறுதிவரை காத்திருக்க நேரும். 2006இல் வந்த எக்ஸ்-மேக் முன்னொலியைச் சிறு துண்டுகளாக்கி ஒவ்வொன்றிலும் பெறுநரின் முகவரியைப் பொதிந்தது. தனக்கில்லை என்று அறிந்த கணு உடனே உறங்கிவிடும்.

எல்லாருக்குமான அறிவிப்புகளுக்கு இந்த உத்தி உதவாது. அங்கே காதில் விழுவதையே முதலாக்கியது 2004இல் பிலிப் லெவிஸும் உடனாய்வாளரும் வடித்த ‘டிரிக்கிள்’. தான் சொல்லவிருந்ததையே அண்டைக்கணுக்கள் போதிய முறை சொல்லக் கேட்டால் கணு வாய்திறவாது. முரணான செய்தி கேட்டால் மட்டும் அடிக்கடி பேசத் தொடங்கும். 2012இல் ஆர்.எஃப்.சி. 6550 ஆக வெளிவந்த ஆர்.பி.எல். வழிப்படுத்தல் நெறிமுறை, தன் அறிவிப்புகளின் காலத்தை இந்த விதியைக் கொண்டே வகுக்கிறது.