சட்ஜம் இல்லாமல் ஒரு மினுவெட்: பன்னிரு சுர முறை என்றால் என்ன?

ஜாசினோ அலோர் காஜாவோ, தோட்டத்துக் கோயில் பஜனையில் ஆர்மோனியம் தொட்டவர்களுக்கு இது தெரியும்: முதலில் சட்ஜத்தைப் பிடிக்கணும். பாட்டு எங்கே சுற்றினாலும் அங்கேதான் திரும்பும். பியானோவிலும் ஒரு ஸ்தாயிக்கு அதே 12 கட்டைகள்தான். சட்ஜம்னு எதுவுமே வேண்டாம், 12-ம் சமம்னு சொன்னா?

வியன்னாவில் பிறந்த ஆர்னோல்ட் ஷோன்பெர்க் 1920-களின் தொடக்கத்தில் அதைத்தான் செய்தார். 12 சுரங்களும் தலா ஒரு முறை வரும்படி ஒரு வரிசை. (நம்ம சரளி வரிசை இல்லை!) வரிசை முடியும்வரை கடந்துபோன சுரத்துக்குத் திரும்பக் கூடாது. ஆனால் வரிசையைப் பின்னிருந்து வாசிக்கலாம். ஏறுமிடத்தில் இறங்கி, இறங்குமிடத்தில் ஏறித் தலைகீழாக்கலாம். தலைகீழானதையும் பின்னிருந்து வாசிக்கலாம். எந்தக் கட்டையிலும் தொடங்கலாம். மொத்தம் 48 வடிவங்கள்.

திரும்பி வர சட்ஜம் இல்லையென்றால் கேட்பவர் எதைப் பிடித்துக்கொள்வார்? பழைய நடன வடிவத்தை. 1921 முதல் 1923 வரை அவர் எழுதிய பியானோ தொகுப்பில் (ஓபஸ் 25) கவோட், மினுவெட், ஜீக் எல்லாம் உண்டு. மினுவெட்டுக்கு மூன்று எண்ணிக்கைத் தாளம், நடுவில் 'ட்ரியோ', பிறகு முதல் பகுதி மறுபடி வரும்.

அந்தத் தொகுப்பு முழுவதற்கும் ஒரே வரிசைதான்: ஈ, எஃப், ஜி, டி பிளாட், ஜி பிளாட், ஈ பிளாட், ஏ பிளாட், டி, பி, சி, ஏ, பி பிளாட். 48 இருந்தும் அவர் எடுத்துக்கொண்டது எட்டே வடிவங்கள். சும்மா இல்லை. அந்த எட்டிலும் ஜி-யும் டி பிளாட்டும் ஜோடியாகவே வருகின்றன: நேராகவோ தலைகீழாகவோ போனால் 3, 4-ஆம் இடத்தில், பின்னிருந்து வந்தால் 9, 10-ஆம் இடத்தில். சட்ஜத்துக்கும் பிரதி மத்தியமத்துக்கும் உள்ள அதே இடைவெளி. காது பிடித்துக்கொள்ள ஒரு கொழுக்கொம்பு! வீட்டை இடித்தவரே ஒரு திண்ணையை விட்டுவைத்திருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நீங்களே எழுதிப் பார்க்கணுமா? 16 பார் போதும். இப்படி ஒரு ஜோடி திரும்பத் திரும்ப வரும் வரிசையாக அமையுங்கள். இரண்டு வடிவங்களுக்கு மேல் வேண்டாம். 12 சுரங்களையும் ஒற்றை மெட்டாக நீட்டாமல், நான்கு நான்காகப் பிரித்து இரு கைகளுக்கும் கொடுங்கள். எட்டு பார் முடிந்ததும் சுரங்கள் மாறலாம், ஆனால் வலது கைத் தாளம் தொடக்கத்தில் இருந்தபடியே வரட்டும். முதல் தடவை கேட்பவருக்கு வரிசை பிடிபடாது, தாளம் பிடிபடும்.