தோற்பறியும் கற்பலகையும்

கிணற்றைத் தன் பெயரிலேயே தாங்கிய ஊர் கிணத்துக்கடவு. கோயமுத்தூருக்கும் பொள்ளாச்சிக்கும் இடைப்பட்ட இவ்வூரிலும், சூழ்ந்துள்ள கொங்குச் சிற்றூர்களிலும், தோட்ட வேளாண்மை முன்னாளில் கவலை இறைப்பை நம்பியே நடந்தது. எருதுகள் இழுத்த தோற்பறியைத் தைத்தும் செப்பனிட்டும் கொடுத்தோர் அருந்ததியர். ஊர் விளைய உழைத்த அவர்தம் பிள்ளைகளுக்குப் பள்ளி வாயில் எளிதில் திறக்கவில்லை.

இந்நிலையில், 1953-ஆம் ஆண்டு இராஜாஜி அரசு ஊர்ப்புறத் தொடக்கப்பள்ளிகளில் ஒரு மாற்றத்தைக் கொணர்ந்தது. பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே பள்ளியில் பயில்வர். எஞ்சிய பொழுதில் பெற்றோரின் தொழிலைக் கற்பர். பள்ளியில் மிகுதியான பிள்ளைகளுக்கு இடமளிக்க இதுவே வழி என்றது அரசு. ‘குலக்கல்வி’ என்று கூறிப் பெரியாரும் பிறரும் எதிர்த்தனர். பறி தைப்பவர் மகன் வீடு திரும்பிக் கற்கவேண்டியது எது என்ற வினாவுக்கு அத்திட்டம் தந்த விடை ஒன்றே: பறி தைத்தல்.

1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். தலைமைப் போட்டியில் தம்மை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்தையே அமைச்சராக்கிக் கல்விப் பொறுப்பையும் அளித்தார். பொள்ளாச்சி வட்டாரச் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்தவர் சுப்பிரமணியம். இராஜாஜியின் அமைச்சரவையில் இருந்தபோது அத்திட்டத்திற்காக வாதாடிய அவரே, அவ்வாண்டு மே மாதத்தில் அது கைவிடப்பட்டதை அறிவித்தார்.

முழுநாட் பள்ளி மீண்டது, பசி எஞ்சியது. கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவின் முயற்சியால் 1956-இல் ஊரார் கொடையைக் கொண்டு பகலுணவு தொடங்கிற்று. பின்னர் அரசும் செலவில் பங்கேற்றது. 1982-இல் அது சத்துணவாக விரிந்தது. 2022-இல் காலை உணவும் சேர்ந்தது.

இதற்கிடையே, 1930-களில் வந்த பைக்காரா மின்சாரம் தோட்டந்தோறும் பரவி, கவலை மறைந்தது, தோற்பறியும் வழக்கொழிந்தது. தந்தையின் தொழிலொன்றையே கற்றிருந்த பிள்ளையின் கையில் பின்னாளில் என்ன மிஞ்சியிருக்கும் என்பது எண்ணத்தக்கது.

இன்று இவ்வட்டாரத் தென்னைநார் ஆலைகளில் உழைக்க வடமாநிலத்தார் வருகின்றனர். 6 முதல் 14 வயது வரையுள்ளோர்க்குக் கல்வியை உரிமையாக்கிய 2009-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்தம் பிள்ளைகளுக்கும் உரியதே. எனினும், தமிழறியாத அப்பிள்ளைகளுக்கு வகுப்பறையின் மொழியே தடையாகிறது. அவர்கள் செல்வது வகுப்பறைக்கா, பெற்றோரின் பின்னே ஆலைக்கா? 1953-இன் வினா இன்னும் முடிந்துவிடவில்லை. பசித்தோர்க்குச் சோறிட்ட ஊர்கள், தமிழறியாப் பிள்ளைக்கு எழுத்தும் இடுமாயின், அதற்கும் விடை கிட்டும்.